ஐம்பதிலும் வளையும்

நுழையும்முன்

பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நம்முள் பலர், தாய்மொழியைச் சற்றுக் காலந்தாழ்த்தியே எழுதக் கற்கிறோம். காலந்தாழ்த்தித் தொடங்குவோர் கற்றுத் தேற இயலுமா? வளர்ந்தபின் நீந்தக் கற்ற சிலரின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

பாடம்

ஹிஞ்சேவாடியின் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணியாற்றும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது என் பணி. சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் முதன்முதலாகத் தமிழ் எழுத்துகளை எழுதத் தொடங்கினான். அவனுடன் அமர்ந்திருந்த ஆறாம் வகுப்பினர் அவனைவிட விரைந்து எழுதினர். ஒருநாள் அவன் ஏட்டை மூடிவைத்துவிட்டான்.

"அம்மா, 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று என் பாட்டி கூறுவார். இனி எனக்குத் தமிழ் வராது. நீங்கள் இந்த வயதில் புதிதாக எதையேனும் கற்றதுண்டா?" என்று வினவினான்.

என்னிடம் விடை இல்லை. அப்போது எனக்கு வயது 44. காவிரிக்கரை ஊரில் பிறந்தவள். ஆயினும் நீந்த அறியேன். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் படித்துறையிலிருந்து குதித்து நீந்துவர்; பெண்பிள்ளைகளாகிய நாங்கள் படியில் அமர்ந்து குளித்துத் திரும்புவோம். ஹிஞ்சேவாடிக்கு அருகில் பாலேவாடியில், 1994 ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அமைந்த பெரிய விளையாட்டு வளாகம் உள்ளது. அதைக் கடந்து செல்லும்போதெல்லாம், 'நீச்சல் வீரர்களுக்கு உரியது. நமக்கன்று' என்றே எண்ணியிருந்தேன். அம்மாணவனின் வினா என்னை உறங்கவிடவில்லை. அவ்வாரமே எங்கள் குடியிருப்பின் நீச்சற்குளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன்.

இடுப்பளவு நீரில் நின்றேன். என்னருகே ஆறு வயதுக் குழந்தைகள் மீன்குஞ்சுகளைப் போலத் துள்ளினர். நான் மட்டும் கரையோரக் கம்பியை இறுகப் பற்றியிருந்தேன். முகத்தை நீரில் அமிழ்த்தியதும் நெஞ்சு படபடத்தது. "ஷ்வாஸ் சோடா" என்று பயிற்றுநர் மராத்தியில் திரும்பத் திரும்பக் கூறினார். 'மூச்சை விடுங்கள்' என்பது அதன் பொருள்.

அதன் காரணம் பின்னரே விளங்கியது. புதிதாக நீந்துவோர் அச்சத்தால் மூச்சை அடக்கிக்கொள்கின்றனர். அப்போது உடலில் கரியமில வாயு பெருகுகிறது. அதனால் மூச்சுமுட்டுவது போன்ற பதற்றம் உண்டாகிறது. நீருக்குள் மெல்ல மெல்ல மூச்சை வெளிவிட்டால், தலையைத் திருப்பும் நொடியில் புதிய காற்றை எளிதில் இழுக்கலாம். அச்சத்தால் தலையை உயர்த்தினால் கால்கள் கீழே அமிழும். தலையைத் தாழ்த்தி உடலைத் தளர்த்தினால் நீரே நம்மைத் தாங்கும். நான் போராடிய நாள்களில் எல்லாம் அமிழ்ந்தேன்; போராட்டத்தை விட்ட நாளில் மிதந்தேன்.

அந்நாள்களில் எனக்கு ஊக்கமளித்தது சியாமளா கோலி என்னும் ஐதராபாத் பெண்மணியின் வரலாறு. இவர் நாற்பது வயதைக் கடந்த பின்னரே நீச்சல் கற்கத் தொடங்கினார். 2021 மார்ச் 19 அன்று இலங்கைக் கரையிலிருந்து புறப்பட்டு, பாக் நீரிணையைக் கடந்து, தமிழ்நாட்டின் தனுஷ்கோடியில் கரையேறினார். ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவை 13 மணி 43 நிமிடங்களில் நீந்தினார். அப்போது அவர் நாற்பத்தைந்து வயதைக் கடந்திருந்தார்.

நீச்சலோடு நில்லாமல் மேலும் இரு திறன்களைச் சேர்த்துக் கற்போரும் உளர். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் நிகழ்த்தும் போட்டி டிரையத்லான் எனப்படும். 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தொடங்கிய இப்போட்டி, 2000 ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஒலிம்பிக்கில் 1.5 கி.மீ. நீந்தி, 40 கி.மீ. மிதிவண்டி ஓட்டி, 10 கி.மீ. ஓட வேண்டும். தொடக்க நிலையினர்க்கு இதில் பாதித் தொலைவுடைய போட்டிகளும் உண்டு. 'அயர்ன்மேன்' எனப்படும் கடும்போட்டியிலோ நீச்சல் 3.8 கி.மீ., மிதிவண்டி 180 கி.மீ., ஓட்டம் 42.2 கி.மீ. ஆகும்.

ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா அறுபது வயதளவில் நீச்சலைத் தொடங்கினார். எழுபதாம் வயதில் தம் முதல் டிரையத்லானில் பங்கேற்றார். 2018 இல் ஹவாயில் நடைபெற்ற அயர்ன்மேன் உலகப் போட்டியை, 17 மணி நேர எல்லைக்குள், தம் 85 ஆம் வயதில் நிறைவு செய்தார்.

ஆயின் பழமொழி பொய்யா? அன்று. இளமையில் பழகினால் எளிது என்பதே அதன் கருத்து. முதுமையில் முயலாதே என்று அது கூறவில்லை. வளர்ந்தவர்க்கு உடல் வளைவது கடினம். பிறர்முன் பிழை செய்ய மனம் வளைவது அதனினும் கடினம். ஆறு வயதுக் குழந்தை நீரைக் குடித்துவிட்டுச் சிரிக்கிறது. நான் நீரைக் குடித்துவிட்டு, 'யாரேனும் பார்த்தனரோ?' என்று சுற்றும்முற்றும் நோக்கினேன். அந்நாணம் நீங்கிய பிறகே கற்றல் தொடங்கியது.

மூன்று திங்கள் கழிந்தபின் 25 மீட்டர் நீந்தினேன். மறுநாள் வகுப்பில் அச்செய்தியைக் கூறினேன். அம்மாணவன் ஒன்றும் பேசவில்லை. மூடிய ஏட்டைத் திறந்தான். ஆண்டிறுதியில் தன் பாட்டிக்குத் தமிழில் ஒரு மடல் எழுதினான். அதில் ஏழு பிழைகள் இருந்தன. திருத்தித் தரவா என்று கேட்டேன். "வேண்டாம் அம்மா, பாட்டிக்குப் புரியும்" என்றான். புரிந்தது. மறுமொழி வந்தது.

நினைவில் கொள்க: 'ஆழம் அறியாமல் காலை விடாதே.' பயிற்றுநர் இல்லாமல் நீரில் இறங்கலாகாது. வயதில் மூத்தோர் மருத்துவரின் அறிவுரை பெற்றபின் பயிற்சியைத் தொடங்குதல் நன்று.

சொல்லும் பொருளும்

படித்துறை – நீர்நிலையில் இறங்கப் படிகள் அமைந்த இடம்
அமிழ்தல் – மூழ்குதல்
நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடைப்பட்ட குறுகிய கடற்பகுதி
திங்கள் – மாதம்
மடல் – கடிதம்

இலக்கணம் அறிவோம்

மிதிவண்டி – மிதித்த வண்டி, மிதிக்கின்ற வண்டி, மிதிக்கும் வண்டி என முக்காலத்துக்கும் பொருந்துவதால் இது வினைத்தொகை.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: நீச்சற்குளம், அந்நாணம்.
2. நீருக்குள் மூச்சை அடக்கினால் பதற்றம் உண்டாவது ஏன்?
3. "போராட்டத்தை விட்ட நாளில் மிதந்தேன்" – இத்தொடரை விளக்குக.
4. மாணவன் தன் மடலைத் திருத்த வேண்டாம் என்றது ஏன்? உம் கருத்தை எழுதுக.
5. உம் பெற்றோரோ உறவினரோ வளர்ந்தபின் புதிதாகக் கற்ற ஒன்றைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக. பிழை நேருமே என்று அஞ்ச வேண்டா.