துண்டுத் துணியில் ஒரு போர்வை

தையற்காரரின் கத்தரியிலிருந்து விழும் துண்டுகளைப் பயனற்றவை என்றே நாம் எண்ணுகிறோம். குப்பையில் எறிகிறோம், சில வேளைகளில் தீயும் வைக்கிறோம். செயற்கை இழை கலந்த துணியின் புகை நெஞ்சுக்குக் கேடு. அத்துண்டுகளையே முறையாக இணைத்தால், மார்கழிப் பனியில் ஒரு குழந்தையைக் காக்கும் போர்வை கிடைக்கும்.

இக்கலை நம் நாட்டிற்குப் புதியதன்று. வங்கத்தில் காந்தா, மராட்டியத்தில் கோதடி என்று பழந்துணிப் போர்வைகள் வழிவழியாகத் தைக்கப்படுகின்றன. வடகன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து முடிக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1966-ல் கறுப்பினப் பெண்கள் இத்தையலுக்கென்றே ஒரு கூட்டுறவு அமைத்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தாய்மார்களுக்கு இதனைச் சொல்லக் காரணமுண்டு. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இவ்வூர்கள் இன்று தொழிற்சாலைகளின் சம்பளத்தை நம்பியிருக்கின்றன. 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு வேலை தந்தது. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. போர்வைத் தையல் அந்தச் சம்பளத்திற்கு ஈடாகாது. ஆயினும் கையில் ஒரு தொழில் இருப்பது, வேலை நின்ற வீட்டிற்குச் சிறு ஊன்றுகோலாகும்.

தேவையானவை

ஒரே கனமுள்ள பருத்தித் துண்டுகள், பழைய நூற்புடவை ஒன்று, நூல், ஊக்குகள், அட்டை. பனியன் துணி இழுபடும், அதனைச் சேர்க்கலாகாது. இயந்திரம் துடைத்த எண்ணெய்த் துணி அறவே கூடாது. துண்டுகளைத் துவைத்து உலர்த்துக. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் போவதை ஒதுக்குக. முதலில் துவைக்காவிடில் பின்னர் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் சுருங்கிப் போர்வை கோணலாகிவிடும்.

செய்முறை

1. அட்டையில் 6 அங்குலச் சதுரம் வெட்டி, அதனை வைத்து 70 துண்டுகள் வெட்டுக.

2. தரையில் வரிசைக்கு 7 வீதம் 10 வரிசை பரப்புக. வெளிர் நிறத்தின் பக்கத்தில் அடர் நிறம் வரட்டும்.

3. கால் அங்குலம் விட்டு, இரண்டிரண்டாக இணைக்க வேண்டும். ஒரு சோடி முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த சோடியை ஊசியின்கீழ்ச் செலுத்துக. எல்லாம் முடிந்தபின் அறுத்துக்கொள்ளலாம். இதனால் நேரமும் நூலும் மிச்சம்.

4. வரிசைகளைத் தைத்து, தையலோரங்களை ஒரு வரிசையில் வலப்புறமாகவும் அடுத்ததில் இடப்புறமாகவும் மடித்து இஸ்திரி போடுக. அப்போதுதான் வரிசைகளை இணைக்கும்போது மூலைகள் பொருந்தும். மேற்பகுதி 39 அங்குல அகலமும் 55½ அங்குல நீளமும் இருக்கும்.

5. புடவையில் 43 அங்குல அகலம், 59½ அங்குல நீளத்தில் அடித்துணியும், மேற்பகுதியின் அளவில் உள்துணி இரண்டும் வெட்டுக. சாதாரணப் புடவை ஒன்றே இவற்றிற்குப் போதும். நம் தட்பவெப்பத்திற்குப் பஞ்சு தேவையில்லை; போர்வையும் விரைவில் உலரும்.

6. அடித்துணியின் நல்ல பக்கம் தரையை நோக்கியிருக்க, அதன்மேல் உள்துணிகளையும் மேற்பகுதியையும் நடுவில் பரப்பி ஊக்குகளால் பிணைக்க. நடுவிலிருந்து ஓரம் நோக்கி, வரிசைத் தையல்களின்மேல் ஓட்டுத் தையல் போடுக. ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும்.

7. நாற்புறமும் மீந்துள்ள 2 அங்குல அடித்துணியை, ஓர் அங்குலமாக இருமுறை மேற்புறம் மடித்துத் தைத்தால் கரை முடிந்தது.

விற்பனை

முதற்போர்வை வீட்டுக் குழந்தைக்கு ஆகட்டும். அதனைப் பலமுறை துவைத்து, தையல் விடுகிறதா என்று பார்த்தபின்பே விற்கத் தொடங்க வேண்டும். விலை வைக்கும்போது துணி இலவசம் என்பதற்காக உழைப்பையும் இலவசமாக்கிவிடக் கூடாது. செலவிட்ட மணிகளைக் குறித்துவைத்துக் கூலி கணக்கிடுக. சுய உதவிக் குழுவினர் வெட்டுதல், இணைத்தல், கரை மடித்தல் எனப் பங்கிட்டுச் செய்தால் வேலை விரைவாகும்.

எறிந்தால் குப்பை, இணைத்தால் போர்வை. இவ்வாரமே பக்கத்துத் தையற்கடையில் ஒரு பை துண்டுகள் கேட்டுப் பெறுங்கள்.