ஓசையில்லா வண்டியும் ஆடிக் காற்றும்

அஞ்சுகிராமம் சந்திப்பில் காலை எட்டு மணிக்கு நின்று பார்ப்பவர்க்கு ஒரு மாற்றம் புலப்படும். நாகர்கோவில் பேருந்தின் படியில் தொங்கிச் சென்ற மாணவர் கூட்டத்தில் ஒரு பகுதி இப்போது மின்சார ஸ்கூட்டரில் செல்கிறது. நானும் அவர்களுள் ஒருவன். எங்கள் ஊருக்குக் கிழக்கே கூடங்குளம் அணுமின் நிலையம். வடக்கே முப்பந்தல், ஆரல்வாய்மொழி வரை காற்றாலைகள். மின்சாரம் பிறக்கும் இடத்தில் பிறந்தவன் மின்சார வண்டி ஓட்டுவதில் வியப்பென்ன என்று வகுப்புத் தோழர்கள் கேலி செய்வதுண்டு.

நான் பொறியியல் கற்றவன் அல்லன். இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன். வண்டி வாங்கியபோது கடையில் எவரும் சொல்லாதவற்றை, ஓராண்டுக் காலத்தில் வண்டியே எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அவற்றுள் சிலவற்றைப் புதிதாக வண்டி வாங்க எண்ணியிருக்கும் நண்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் நாள் பாடம் கைப்பிடியில் தொடங்குகிறது. பெட்ரோல் எஞ்சின் ஓரளவு வேகமாகச் சுழன்ற பிறகே தன் முழு இழுவிசையைத் தரும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே அதைத் தந்துவிடும். போதாக்குறைக்கு, வண்டி 'உயிரோடு' இருக்கிறதா இல்லையா என்பதை அறிய உறுமலும் இல்லை, நடுக்கமும் இல்லை. முகப்பில் ஒரு சிறு விளக்கு மட்டுமே சாட்சி. எங்கள் வீட்டு முற்றத்தில் வண்டியைத் தள்ளித் திருப்ப முயன்றபோது, அணைத்துவிட்டேன் என்ற நினைவில் வலக் கைப்பிடியை இறுகப் பிடித்தேன். அது திருகிக்கொண்டது. வண்டி தாவிச் சென்று துளசி மாடத்தில் மோதியது. மாடத்தின் மூலை உடைந்ததோடு போயிற்று. அங்கே என் தங்கை நின்றிருக்கலாம். அன்றிலிருந்து, தள்ளுவதற்கு முன் சாவியை அணைப்பது, இறங்கியவுடன் சாவியை எடுத்துப் பையில் இடுவது என்னும் இரண்டையும் விரதம்போல் கடைப்பிடித்து வருகிறேன். குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டாவது மிக முக்கியம். ஓட்டிப் பழகுவோர் முதல் வாரம் 'எக்கோ' எனப்படும் மெதுவான நிலையிலேயே, ஆளில்லாத மைதானத்தில் பழகுதல் நன்று.

பிரேக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல வண்டிகளில் கைப்பிடியைத் தளர்த்தியதுமே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் ஓட்டத்தைத் தின்று பாட்டரிக்குச் சிறிது மின்சாரத்தைத் திருப்பித் தரும். வண்டி தானே மெதுவாகும். புதியவர் இதற்கு விரைவில் பழகிவிடுகிறார். ஆபத்து பழகிய பின்தான் வருகிறது. பாட்டரி முழுதும் நிறைந்திருக்கும்போது திருப்பித் தரும் மின்சாரத்தை ஏற்க அதில் இடமில்லை. ஆகவே இரவு முழுதும் சார்ஜ் செய்த வண்டியைக் காலையில் எடுத்தவுடன் அந்த இழுத்துப் பிடிக்கும் உணர்வு குறைந்தோ இல்லாமலோ போகலாம். மாலையில் நின்ற இடத்தில் காலையில் நிற்காது. கிளம்பிய முதல் சில கிலோமீட்டருக்குக் கை பிரேக்கின் மேலேயே இருக்கட்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நாம் ஒரு வினாடியில் 11 மீட்டர் செல்கிறோம்; கண் கண்டதைக் கை அறிவதற்குள் அவ்வளவு தூரம் கழிந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்க.

இனி, நம் பகுதிக்கே உரிய சங்கதிக்கு வருகிறேன். ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் அச்சிடப்படும் எண், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி, ஒரு குறிப்பிட்ட ஓட்ட முறைப்படி அளந்து சான்றளிக்கப்படுவது. அது பொய் அன்று. ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இல்லை! ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அக்கணவாயில் நெருக்குண்டு, வேகம் கொண்டு நம் மேல் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகளைக் கொண்டுவந்து நட்டதற்குக் காரணமும் அதுவே. அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவில் மேற்கே இருக்கிறது. எனவே கல்லூரிக்குப் போகும் வழியெல்லாம் எதிர்க்காற்று.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். காற்றின் தடை, வண்டிக்கும் காற்றுக்கும் இடையேயுள்ள சார்பு வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காற்றே இல்லாத நாளில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 40ஐ 40ஆல் பெருக்க, 1600. எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் சார்பு வேகம் 70. அதன் இருமடி 4900. அதாவது தடை மும்மடங்கு! 'போகும்போது இழந்ததை மாலையில் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளி ஈடுசெய்யும்' என்று நானும் எண்ணியிருந்தேன். அதுவும் தவறு. திரும்பும்போது சார்பு வேகம் 10, இருமடி 100. போக வர இரண்டையும் கூட்டினால் 5000; காற்றில்லாத நாளில் அது 3200. இழப்பு இழப்பாகவே நிற்கிறது. சக்கரத்தின் உராய்வு போன்ற பிற செலவுகள் காற்றால் கூடுவதில்லையாதலால் மொத்தச் செலவு இந்த விகிதத்தில் ஏறாது. என் வண்டியில் காற்றில்லாத நாளில் ஒரு வழிக்கு நூற்றுக்கு 25 பங்கு குறையும் பாட்டரி, ஆடியில் 40ஐ நெருங்குகிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றியதே ஓர் ஆடி மாதக் காலையில் மயிலாடிக்கு அப்பால் வண்டி நின்றுபோன பிறகுதான். முந்திய நாள் சார்ஜ் செய்ய மறந்து, மீதமிருந்த 35 பங்கை நம்பிப் புறப்பட்டேன். நிற்பதற்கு முன் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பின்னால் வந்த லாரிக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அவர் ஹாரன் அடித்த அடியில் நான் சாலையை விட்டே இறங்கிவிட்டேன். உள்தேர்வு ஒன்று போயிற்று. முகப்பில் 20 பங்குக்குக் கீழ் எண் இறங்கினால் இடது ஓரமாகவே செல்லுங்கள். எதிர்க்காற்று நாளில் வேகத்தைக் குறையுங்கள்: அதே காற்றில் 25 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் இருமடி 3025தான், தடை மூன்று மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. சற்று முன்னதாகக் கிளம்பினால் போதும். தோழியர்க்கு ஒரு சொல்: இந்தக் காற்றில் துப்பட்டாவும் முந்தானையும் சக்கரத்தைத் தேடிப் போகும். இழுத்துச் செருகிய பிறகே ஏறுங்கள்.

சார்ஜ் செய்வது பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பற்றி, அந்தப் புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் மாண்டனர். அவ்வாண்டு நாட்டின் வேறு பல இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன்பின் மத்திய அரசு பாட்டரிக்கான 'ஏ.ஐ.எஸ். 156' என்னும் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரு கட்டங்களாக நடைமுறைப்படுத்தியது. பழைய வண்டியை மலிவாக வாங்குவோர், அது இவ்விதிகளுக்கு முற்பட்டதா பிற்பட்டதா என்று கேட்டு வாங்குக.

லித்தியம் பாட்டரியில் தீ வெளியிலிருந்து வருவதில்லை. ஒரு செல் அளவு மீறிச் சூடானால், அச்சூடே அதனுள் வேதிவினையைத் தூண்டி மேலும் சூட்டை உண்டாக்குகிறது; அது பக்கத்துச் செல்லுக்குத் தாவுகிறது. சில நிமிடங்களில் நச்சுப்புகை வீட்டை நிரப்பிவிடும். ஆகவே வெளியே ஓடும் வழியை மறித்து வண்டியை நிறுத்தாதீர்கள். நம் வீடுகளில் முன்வாசல் நடையும் மாடிப்படியின் அடியுமே வண்டி நிறுத்தும் இடங்கள். சார்ஜ் செய்வதற்கு அவை இரண்டும் ஆகா. திண்ணைக்கு வெளியே, மழை படாத கூரையடியே சிறந்தது. வெயிலில் ஓட்டி வந்தவுடன் செருகாமல் அரைமணி நேரமாவது ஆறவிடுக. 750 வாட் சார்ஜர் மூன்று ஆம்பியருக்கு மேலான மின்சாரத்தை மணிக்கணக்கில் இழுக்கும். மின்விசிறிக்குப் போட்ட பழைய வயரும், எர்த் இல்லாத பிளக்கும், நீட்டு வயர்ப் பெட்டியும் அதைத் தாங்கா. பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அடுத்த வீட்டுச் சார்ஜரின் முனை பொருந்துகிறதே என்று செருகாதீர்கள். 60 வோல்ட் பாட்டரிக்கு 72 வோல்ட் சார்ஜர் எமன். பாட்டரியிலிருந்து புகையோ சீறும் ஓசையோ வந்தால் வண்டியை மீட்க எண்ணாமல் ஆட்களை வெளியேற்றிவிட்டு 101க்கோ 112க்கோ தெரிவிக்க வேண்டும்.

விடுமுறையில் நெடுநாள் ஓட்டாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வைத்தால் பாட்டரி நெடுங்காலம் உழைக்கும். உப்புக்காற்று படும் கடலோர ஊர்க்காரர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வண்டியைத் துடைத்தல் வேண்டும். பீய்ச்சியடிக்கும் குழாய் வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளம்போல் வண்டி நீரில் மூழ்கினால், காய்ந்துவிட்டது என்று நாமே சார்ஜ் செய்யாமல் பணிமனையில் காட்டிய பிறகே செருக வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் மிகாமல், பாட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு மட்டுமே உரிமமும் பதிவும் வேண்டியதில்லை. அத்தகைய வண்டியின் வேகப்பூட்டை அவிழ்த்து 40இல் ஓட்டித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அவிழ்த்த கணமே அது பதிவும் காப்பீடுமற்ற மோட்டார் வாகனமாகிவிடும். விபத்து நேர்ந்தால் இழப்பீடு நம் தந்தையாரின் தலையில். தலைக்கவசம் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் ஓட்டுபவர்க்கும் பின்னிருப்பவர்க்கும் வேண்டும். என் தங்கைக்கு நான் வாங்கியது இரண்டு மாதம் கழித்துத்தான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இறுதியாக, எழுதத் தயங்கிய ஒன்று. வண்டி வாங்கிய மூன்றாம் வாரம், ஊருக்குள் ஒரு வளைவில், வாழையிலைக் கட்டோடு சாலையைக் கடந்த முதியவர் ஒருவர் என் வண்டியின் முன்சக்கரம் உரசி விழுந்தார். வேகம் குறைவு; முழங்கால் சிராய்ப்போடு தப்பினார். நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை. "எனக்குக் கண்ணுல புரை மக்கா. காதை வச்சுதான் ரோட்டைத் தாண்டுகேன். நீ சத்தமே இல்லாம வந்தா நான் எப்பிடி அறிவேன்?" என்றார். பகலிலும் எரியும் முகப்பு விளக்கு 2017 முதல் நம் இரு சக்கர வண்டிகளுக்குக் கட்டாயம். ஆனால் அவருக்கு அதனால் என்ன பயன்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் விற்கப்படும் புதிய மின்சாரக் கார்கள் எல்லாம் மெதுவாகச் செல்கையில் செயற்கையாக ஓர் ஒலியை எழுப்பியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அவ்விதி இரு சக்கர வண்டிகளைத் தொடவில்லை.

பக்கத்தில் வந்தபின் ஹாரன் அடித்தால் முதியவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் நகர்வார் என்று சொல்ல முடியாது. முப்பது நாற்பது அடிக்கு முன்பே சிறிதாக ஒருமுறை ஒலித்து, நடை வேகத்துக்குக் குறைத்து, அவர் திரும்பிப் பார்த்த பிறகே கடக்க வேண்டும். கோயில், பள்ளிக்கூடம், சந்தை வாசல்களில் நான் அவ்வாறே செய்கிறேன். அந்த வளைவில் மட்டும் ஹாரனைத் தொடுவதில்லை. "பாட்டா, நான் வாறேன்" என்று குரல் கொடுப்பேன். அவர் இருந்தால், "போ மக்கா" என்று கையைக் காட்டுவார்.