சொல்லிசைப் பாட்டும் அதன் வரவு செலவும்

ஜேடர்பாளையத்தைச் சேர்ந்த எனக்கு, விலை என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது பிலிக்கல்பாளையத்து வெல்லச் சந்தைதான். கரும்பை விளைவிப்பவர் ஒருவர். அதை வாங்கிப் பாகு காய்ச்சி உருண்டை பிடிப்பவர் மற்றொருவர். 30 கிலோச் சிப்பங்களாக ஏலத்தில் எடுப்பவர் வேறொருவர். வெல்லம் நல்ல விலைக்குப் போயிற்று என்று செய்தி வரும். கரும்புக்காரர் கைக்கு என்ன வந்தது என்பது தனிக் கேள்வி. ஒரு பாட்டு 'வெற்றி பெற்றது' என்று நாம் பேசும்போதும் இக்கேள்வியைக் கேட்கலாம் அல்லவா? வணிகவியல் மாணவன் பாட்டைப் பற்றி எழுதுவதேன் என்று தமிழ்த்துறை நண்பர்கள் நகைக்க வேண்டா.

தாளத்தின் மேல் சொற்களை அடுக்கிப் பேசுவதுபோல் பாடும் ஹிப் ஹாப் பாட்டை நம்மவர் சொல்லிசை என்கின்றனர், நல்ல பெயர். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கூல் ஹெர்க் என்ற இளைஞர் நடத்திய ஒரு விருந்தாட்டத்தை இக்கலையின் பிறப்பாகக் கூறுவர். ஆறாண்டுகள் அது தெருவிலும் கூடத்திலும் இருந்தது, கடைக்கு வரவில்லை. 1979இல் சில்வியா ராபின்சன் என்ற அம்மையார் மூன்று இளைஞர்களைச் சேர்த்து 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ஏறத்தாழ 14 நிமிடம் ஓடும் அப்பாட்டு, அமெரிக்கத் தரவரிசையில் 36ஆம் இடத்தையும் பிரிட்டனில் 3ஆம் இடத்தையும் பிடித்தது. இப்படியும் ஒரு சரக்கு விலைபோகும் என்று வணிக உலகம் அன்றுதான் கண்டுகொண்டது.

ஆனால் அதன் கணக்கேட்டைப் புரட்டினால் வேறொரு கதை. பின்னணி இசை 'ஷிக்' குழுவினரின் 'குட் டைம்ஸ்' பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. அக்குழுவின் நைல் ராட்ஜர்ஸ் ஒரு நடன விடுதியில் இத்தட்டு ஓடுவதைக் கேட்டுத் திடுக்கிட்டார். வழக்கு வருமென்றதும் அவர் பெயரும் தோழர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் பெயரும் ஆக்கியோர் பட்டியலில் ஏறின. சொற்களின் கதையோ இரங்கத்தக்கது. பாடியவர்களுள் ஒருவர், கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்ற நண்பரின் குறிப்பேட்டை வாங்கி வந்து அதிலிருந்த வரிகளைப் பாடிவிட்டார். கேஸ் தமக்கு வைத்திருந்த புனைபெயரைக்கூட மாற்றாமல் எழுத்தெழுத்தாகப் பாடியிருக்கிறார்! பெயர் பாட்டில் இருந்தது, பத்திரத்தில் இல்லை. இசைக்காரருக்குக் கிடைத்த பங்கு சொல்லுக்குரியவருக்குக் கிடைக்கவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். மலேசியத் தமிழர் யோகி பி-யும் நட்சத்திராவும் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு வழிகாட்டியது. அடுத்து 2011இல் 'கிளப்புல மப்புல'. கோவை ஆதியும், நமக்கு ஆற்றுக்கு அக்கரையான ஈரோட்டின் ஜீவாவும் சேர்ந்த 'ஹிப்ஹாப் தமிழா' இணையரின் பாட்டு. வானொலியில் ஒலித்து, யூடியூபில் ஊரெங்கும் பரவியது. குடிக்கும் பெண்களை இகழ்கிறது என்ற கண்டனம் எழுந்தது. அக்கண்டனம் நியாயமானதே என்பது என் கருத்து. நமக்கு வேண்டியது அதன் பொருளியல். காசின்றிக் கேட்கக் கிடைத்த அப்பாட்டு, விளம்பரப் பலகையாக நின்று வேறு வருவாய்க்கு வாயில் திறந்தது. 2012இல் தொகுப்பு, 2013இல் 'எதிர்நீச்சல்' படத்தில் பாட்டு, 2015இல் 'ஆம்பள' படத்தின் இசையமைப்பு என்று படிகள் ஏறின.

மூன்றாவது வகையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. 2021 மார்ச் 7ஆம் நாள் 'மாஜா' என்ற நிறுவனம் 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை வெளியிட்டது. தீயும் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து மீண்ட தம் பாட்டியின் வாழ்வையும், மண்ணை உழுதும் மண்ணற்றவர்களையும் அறிவு அதில் வைத்தார். ஒப்பாரியின் சாயல் கொண்ட ஒரு பாட்டுக்கு உலகமே ஆடியது வியப்புத்தான். (நம் பக்கத்தில் பிள்ளைகளைச் 'சாமி' என்று கொஞ்சுவதால் அத்தலைப்பு எங்கள் வீட்டுப் பேச்சாகவே எனக்குப் பட்டது.) யூடியூபில் 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது.

முதலில் எழுந்தது பெயர்ச் சிக்கல். 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் இப்பாட்டு பாடப்பட்டது. எழுதியதும் மெட்டமைத்ததும் தாமே என்றார் அறிவு. மெட்டில் தமக்கும் தீக்கும் பங்குண்டு என்றும், வருவாய் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் விடையிறுத்தார். பிறகு 2024 மார்ச்சில் அவரே, மூவருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். நிறுவனம் அதை மறுத்தது. அவ்வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. சமமாகப் பிரிப்பதென்று முடிவாகியிருந்தும், பிரிக்கவேண்டிய தொகையே சண்டைப் பொருளாகிவிட்டதை மட்டும் கவனிப்போம்.

காரணம் பணம் நடக்கும் வழி. விளம்பரம் தருவோரிடமிருந்து தளத்துக்கும், தளத்திலிருந்து பாட்டை ஏற்றிய நிறுவனத்துக்கும் வந்து, செலவும் முன்பணமும் கழிந்தபின், ஒப்பந்தத்தில் கண்டபடியே கலைஞருக்குப் போகிறது. எத்தனை பேர் பார்த்தனர் என்பது ஊருக்கே தெரியும். எவ்வளவு வந்தது என்பது கணக்குப் புத்தகம் வைத்திருப்பவருக்கே தெரியும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத்தொகையை முழுதாக நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது என்கிறது. சமபங்கு அவர்களுக்கு உண்டு. ஆயினும் 'ஆக்கியோன் யார்' என்பதிலேயே தகராறு என்றால் சட்டம் யார் கையில் பணத்தை வைக்கும்?

இதை நான் படித்துக்கொண்டிருந்த வாரத்தில், எங்கள் வகுப்பு நண்பர் இருவர் ஒரு சொல்லிசைப் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்தனர். ஒருவர் சொல், மற்றவர் தாளம். ஏற்றுவதற்கு முன் யார் பெயர் முதலில் என்று சிறு பூசல். உணவு விடுதி மேசையில் அமர்ந்து, சொல் இன்னாருடையது, தாளம் இன்னாருடையது, வந்தால் பாதிப்பாதி என்று கணக்கு நோட்டின் கடைசித் தாளில் எழுதி, நாளிட்டு இருவரும் கையெழுத்திட்டனர். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. பாட்டை இதுவரை 212 பேர் கேட்டிருக்கிறார்கள்.