மஞ்சள் கல்லும் கறுப்புக் கோடும்

பேராக் மாநிலத்தின் கோப்பெங் நகரில் மூன்று நாள்களாக விடாமல் பெய்த மழை அன்றுதான் ஓய்ந்திருந்தது. பள்ளி முடிந்து மிதிவண்டியில் வந்துகொண்டிருந்த கவின், சாலையோரம் சரிந்து கிடந்த மண்ணில் ஏதோ மின்னுவதைக் கண்டான். இறங்கிச் சென்று எடுத்துப் பார்த்தான். எலுமிச்சம்பழ அளவில் ஒரு கல்! சேற்றைத் துடைத்ததும் கல் முழுவதும் மஞ்சளாகப் பளபளத்தது.

வீட்டு வாசலில் நின்ற பக்கத்து வீட்டு மாமா அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “இது தங்கம் போலத்தான் தெரிகிறது. 300 ரிங்கிட் தருகிறேன். எனக்கே கொடுத்துவிடு, கவின்” என்றார்.

கவினின் மனம் துள்ளியது. பள்ளியின் அறிவியல் முகாமுக்குக் கட்டணம் சரியாக 300 ரிங்கிட். வீட்டு நிலைமை தெரிந்ததால், முகாம் கடிதத்தை அப்பாவிடம் காட்டாமல் இரண்டு வாரங்களாகப் பைக்குள்ளேயே வைத்திருந்தான். “நாளைக் காலையில் தருகிறேன், மாமா” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான்.

அவனுடைய தாத்தா இளமையில் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 1985ஆம் ஆண்டு உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தபோது பல சுரங்கங்கள் மூடப்பட்டன. தாத்தாவும் வேலையை இழந்தார். ஆனால், மண்ணையும் கல்லையும் படிக்கும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

“தாத்தா, இது தங்கம்தானே?”

“நிறத்தை வைத்து முடிவு செய்யாதே, கவின். குவார்ட்ஸ் என்னும் கனிமம் வெள்ளையாகவும் இருக்கும், ஊதாவாகவும் இருக்கும், இளஞ்சிவப்பாகவும் இருக்கும். அதில் கலந்துள்ள சிறிதளவு வேற்றுப் பொருளே நிறத்தை மாற்றிவிடும். வா, இந்தக் கல்லையே கேட்டுப் பார்ப்போம்” என்றார் தாத்தா.

சமையலறையில் சோதனை தொடங்கியது. முதலில் கல்லைத் தராசில் வைத்தார்கள். எடை 196 கிராம். பிறகு, அளவுக் குவளையில் 200 மில்லிலிட்டர் நீரை ஊற்றிக் கல்லை மெல்ல இறக்கினார்கள். நீர்மட்டம் 240 மில்லிலிட்டருக்கு உயர்ந்தது.

“கல்லின் கன அளவு 40 மில்லிலிட்டர். 196ஐ 40ஆல் வகுத்தால் 4.9. அப்படியென்றால் இது நீரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு கனமானது” என்றான் கவின்.

“தங்கம் நீரைவிட 19 மடங்குக்கும் அதிகக் கனம். இதே அளவுள்ள தங்கம் 770 கிராம் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் டூலாங் தட்டில் ஈயம் அரித்ததும் இந்த அடர்த்தியை நம்பித்தான். ஈயத் தாது நீரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு கனம். மணல் மூன்று மடங்குகூட இல்லை. தட்டை நீரில் சுழற்றினால் மணல் வெளியேறிவிடும், தாது அடியில் தங்கிவிடும்.”

அடுத்து, பழைய தரை ஓடு ஒன்றைத் தாத்தா எடுத்துவந்தார். அதன் பளபளப்பில்லாத பின்புறத்தில் கல்லை அழுத்தித் தேய்க்கச் சொன்னார். மஞ்சள் கல் மஞ்சள் கோடு போடும் என்று கவின் எதிர்பார்த்தான். ஓட்டில் விழுந்ததோ பச்சை கலந்த கறுப்புக் கோடு!

“கனிமத்தைப் பொடியாக்கும்போது தெரியும் நிறத்தைக் கீற்று நிறம் என்பார்கள். மேற்பரப்பு நம்மை ஏமாற்றலாம். கீற்று நிறம் எளிதில் ஏமாற்றாது. தங்கமாக இருந்தால் மஞ்சள் கோடுதான் விழும்” என்றார் தாத்தா.

கடைசியாகக் கத்தி முனையால் கல்லைக் கீறிப் பார்த்தார். கீறல் விழவே இல்லை. பிரெடரிக் மோஸ் என்னும் அறிஞர் 1812இல் கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். மிக மென்மையான டால்க் 1, வைரம் 10. நம் நகம் ஏறத்தாழ 2.5, எஃகுக் கத்தி ஏறத்தாழ 5.5. தங்கத்தின் கடினத்தன்மை 3ஐத் தாண்டாது. எனவே, கத்தி அதை எளிதில் கீறிவிடும்.

“அப்படியானால் இது என்ன, தாத்தா?” கவினின் குரல் தாழ்ந்திருந்தது.

“பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பகடைக்காய் போன்ற இந்தச் சின்னச் சின்ன முகங்களைப் பார். அதுவும் இதன் அடையாளம். உலகெங்கும் பலர் இதைத் தங்கமென்று நம்பி ஏமாந்திருக்கிறார்கள்.”

“பாறைக்கும் கனிமத்துக்கும் என்ன வேறுபாடு, தாத்தா?”

“பாட்டியின் அம்மிக்கல்லைப் பார். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று புள்ளிகள் தெரிகின்றனவா? கருங்கல்லில் குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா என்று பல கனிமங்கள் கலந்திருக்கும். கடலைப்பருப்பும் ஓமப்பொடியும் கலந்த மிக்சர் மாதிரிதான் பாறை. அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு கனிமம் மாதிரி. சில பாறைகளில் ஒரே கனிமம் மிகுதியாக இருப்பதும் உண்டு. நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் மலைகளில் கால்சைட்தான் அதிகம். அந்தக் கல்லில் ஒரு சொட்டுக் காடியை விட்டால் நுரைக்கும். மழைநீரில் உள்ள இலேசான அமிலமும் அதைக் கரைக்கும். பல இலட்சம் ஆண்டுகளாகக் கரைந்து கரைந்துதான் குவா தெம்புரோங் போன்ற குகைகள் உருவாயின” என்று விளக்கினார் தாத்தா.

கவின் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். “மாமாவுக்கு இந்தச் சோதனையெல்லாம் தெரியாது, தாத்தா...” என்று இழுத்தான்.

“ஆமாம், தெரியாது” என்றார் தாத்தா. “உனக்குத் தெரியும்.” அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

அன்றிரவு கவினுக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் மாமா பணத்துடன் காத்திருந்தார். கவின் ஒரு கையில் கல்லும் மறு கையில் ஓடுமாகச் சென்றான். “மாமா, நீங்களே இதில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்” என்றான். மாமா தேய்த்தார். கறுப்புக் கோடு விழுந்தது. கவின் எல்லாவற்றையும் விளக்கினான்.

மாமா சிறிது நேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு, “நல்ல வேளை, சொன்னாயப்பா” என்று பணத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கவினின் மனம் இலேசானது. பையும் இலேசாகத்தான் இருந்தது. அன்று மாலை அப்பா வேலை முடிந்து வந்ததும், மடிப்புக் கலையாமல் வைத்திருந்த முகாம் கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினான்.