நிலமெடுப்பு நோட்டீஸ் வந்தால்: வக்கீலைத் தேர்வது எப்படி?

ஓசூர், சூளகிரி வட்டாரத்தில் தொழிற்பேட்டைக்காக நிலம் எடுப்பது புதிதல்ல. நோட்டீஸ் வந்து, முதல் தடவையாக வக்கீலைத் தேடும் விவசாயிகள் சிலவற்றைக் கவனிப்பது நல்லது.

முதலில் நோட்டீஸ் கிடைத்த தேதியைக் குறித்து வையுங்கள். ஆட்சேபணை சொல்லவும், கூடுதல் இழப்பீடு கேட்கவும் கெடு உண்டு. கெடு தவறினால் எந்த வக்கீலுக்கும் சிரமமே.

பட்டா, சிட்டா, அடங்கல், கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு இரண்டு மூன்று வக்கீல்களைப் பாருங்கள். நிலம் எடுப்பது 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படியா, 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படியா என்று நோட்டீசைப் படித்துச் சொல்பவர், பக்கத்து நிலத்தின் விற்பனை விலை, கிணறு, மா, தென்னை பற்றிக் கேட்பவர் விவரமானவர். எடுத்த எடுப்பில் "ஜெயம் நமதே" என்பவரிடம் எச்சரிக்கை தேவை.

ஃபீஸை முன்னதாகப் பேசி எழுத்தில் வாங்குங்கள். இழப்பீட்டில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அத்திப்பள்ளிக்கு அப்பால் உள்ள நிலத்தின் வழக்கு கர்நாடகக் கோர்ட்டுக்கே போகும். அங்கே தொழில் செய்யும் வக்கீலை அமர்த்துங்கள்.

வசதியற்றவர்கள் கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100.

போன நிலம் திரும்பாது. நல்ல வக்கீலை விசாரிக்க இரண்டு நாள் வேலை கெட்டாலும் பாதகமில்லை.