வெப்பமும் தட்பமும் இல்லத்தின் வனப்பும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. இவற்றுள் உண்டி ஒரு வேளைக்கும், உடை சில ஆண்டுகட்கும் பயன்படும்; உறையுளோ இரண்டு மூன்று தலைமுறைகட்கு உரியது. ஆகவே அதனை அமைக்குங்கால் நேரும் பிழை நெடுநாள் வருத்தும். வெப்பத்தையும் குளிரையும் தணிக்கும் அமைப்புக்களை இல்லத்தின் அழகோடு பொருத்துவது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் நம் பகுதியின் இயல்பை நோக்குவோம். ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் வழியில் உள்ளது திமிரி. 2019-ஆம் ஆண்டில் வேலூரினின்று பிரிக்கப்பெற்ற இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சார்ந்தது. கோடையில் இப்பக்கத்து வெயில் 40 டிகிரி சென்டிகிரேடைக் கடத்தல் வழக்கம். தோல் பதனிடும் சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் பகலெல்லாம் உழைத்து மீள்வோர் இங்குப் பலர். அவர்கட்கு இரவின் உறக்கமே மறுநாளின் முதல். அவ்வுறக்கத்தைத் தருவதும் கெடுப்பதும் தலைக்கு மேலுள்ள கூரையே. ஆதலின் இது செல்வர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று.

திமிரி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. சித்திரையின் முற்பகுதியிலும் ஆவணியின் தொடக்கத்திலும் உச்சி வேளையில் ஞாயிறு நேர் தலைமேல் நிற்கும். எனவே கோடையில் மிகுதியான வெயிலை ஏற்பது கூரை. அடுத்துச் சாய்கதிர்களை நேரே ஏற்பன கீழ்ச்சுவரும் மேற்சுவரும். வடக்கும் தெற்கும் நீண்ட பக்கமாக அமைந்த வீடு வெயிலைக் குறைவாக வாங்கும். சாளரங்களையும் அப்பக்கங்களில் எதிரெதிரே வைத்தல் நலம்.

இவ்வறிவு நம்மவர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், கோல்களின் நிழலைக்கொண்டு திசை தேர்ந்து அரண்மனைக்கு மனை வகுத்த செய்தி வருகின்றது. தென்றல் புகுதற்கென அமைத்த வேனிற் பள்ளியின் சாளரங்கள் கூதிர்க்காலத்தில் அடைக்கப்படுவதையும், மக்கள் அகன்ற வாயினையுடைய தடவில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்வதையும் நக்கீரர் காட்டுகின்றார். வெப்பத்திற்கு ஓரிடம், குளிருக்கு ஒரு கருவி என மனை வகுக்கும்போதே எண்ணிய காலம் அது.

பிற்காலத்து வீடுகளிலும் இந்நெறி நின்றது. செட்டிநாட்டு இல்லங்களில் வியந்து நோக்கும் முற்றம் வெறும் அணியன்று. வெம்மையுற்ற காற்று இலேசாகி மேலெழும். அது முற்றத்தின் வழியே வெளியேற, அறைகளினூடே புதுக்காற்று புகும். இரவில் திறந்த வானை நோக்கி முற்றம் தன் வெப்பத்தை இழந்து குளிரும். திண்ணையின் தாழ்வாரம் சுவரின்மேல் வெயில் படாது தடுக்கும். மரக்கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் இட்டு நாட்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்த பழைய மச்சு கனமானது. வெப்பத்தை மெல்லவே உட்செலுத்தும். இவற்றுள் அழகு எது, பயன் எது எனப் பிரித்துக் கூறல் அரிது.

இனி இக்கால வீட்டைக் காண்போம். நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம் விரைவில் கட்டுதற்கு ஏற்றது, உறுதியும் உடையது. ஆயினும் பகலெல்லாம் பருகிய வெப்பத்தை மாலையிலும் முன்னிரவிலும் அறைக்குள் உமிழும். மின்விசிறி அவ்வெப்பக் காற்றையே சுழற்றும். பின்னர்க் கடன்பட்டேனும் குளிரூட்டும் பொறி வாங்குகின்றனர். அப்போது சுவரை உடைத்துத் துளையிடுதலும், வீட்டின் முகப்பிலே பெட்டியைத் தொங்கவிடுதலும், அதன் நீர் வழிந்து சுவர் பாசியேறுதலும் நிகழ்கின்றன. வனப்பும் கெட்டது, மின்கட்டணமும் ஏறியது.

இப்பொறியின் ஆற்றலை 'டன்' என்று அளப்பர். 2,000 இராத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தைக் கவருமோ, அவ்வளவு வெப்பத்தை அறையினின்று அகற்றுவது ஒரு டன். அஃதாவது ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாட். அமெரிக்காவினின்று கப்பலேறி வந்த பனிக்கட்டியைக் காக்கச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இப்போது விவேகானந்தர் இல்லம் என வழங்குகின்றது. அன்று கட்டியாக வந்த குளிர்ச்சியின் அளவே இன்று பொறிக்கும் அளவாயிற்று.

பொறி குளிரைப் படைப்பதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகின்றது. இவ்வுண்மையை உணர்ந்தால் அதனை வைக்குமிடம் தானே விளங்கும். வெளிப்பெட்டி நிழலான வடபுறத்தில், காற்று தாராளமாக உலவும் மாடத்தில் இருத்தல் வேண்டும். மறைக்க விரும்பின் இடைவெளி அகன்ற மரச்சட்டங்களை நிறுத்தலாம். முற்றும் மூடினால் வெப்பம் வெளியேறாது பொறி வருந்தும். குழாய்க்குரிய வழியைச் சுவர் பூசுமுன்பே விட்டு, வடியும் நீர்க்குச் சரிவு கொடுத்துச் செடிகளின் அடியில் விடுதல் நன்று. உட்பெட்டியின் காற்று படுப்போர் முகத்தில் நேரே வீசலாகாது.

நிற்க, வெம்மை வேண்டுமிடமும் உண்டு. உதகையில் ஆங்கிலேயர் கட்டிய வீடுகளில் கணப்பே அறைக்கு அணியாயிற்று. திமிரியிலோ மார்கழி, தை மாதங்களின் விடியலில் குளிக்க வெந்நீர் இருந்தாற் போதும். அதற்கு ஞாயிற்றின் வெப்பத்தால் நீர் காய்ச்சும் கருவி மிக ஏற்றது. அதன் தட்டு தெற்கு நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும்; மரநிழலோ மாடிப்படிக் கூண்டின் நிழலோ அதன்மேல் விழலாகாது. தொட்டியின் பாரத்தையும் குழாய் வழியையும் வரைபடத்திலேயே குறித்துவிட்டால் அது மாடியின் ஓர் உறுப்பாய் அமைந்துவிடும்.

பொருள் குறைந்தோர்க்கும் வழிகள் உள. தளத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிச் செல்லும். மேற்புறத்தில் ஒரு வேம்பு நட்டால் சில ஆண்டுகளில் பிற்பகல் வெயிலைத் தாங்கும். இவ்விரண்டும் செய்த வீட்டில் பொறி வைப்பினும் சிறியதே அமையும்.

மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்தில் புதுமனைக்கு நூல் பிடிக்கும் நாள் வரும். அன்று கொத்தனாரிடம் வண்ணத்தையும் முகப்பையும் பற்றி வினவுமுன், வெயில் எங்கே விழும், காற்று எவ்வழி நுழையும், பொறியும் வெந்நீர்க் கருவியும் எங்கே நிற்கும் என மூன்று வினாக்களைக் கேளுங்கள். முன்னரே இடம் பெற்ற கருவி வீட்டிற்கு உறுப்பாகும். பின்னர் ஒட்டியது புண்ணாகும். உழைத்துக் களைத்த பெற்றோர் இரவில் நிம்மதியாக உறங்கும் வீடே அழகிய வீடு.