காமிராவும் கையுமாய் புதுவையில் இரண்டு நாள்

நண்பர்களே, புதுவை போய் வந்தவர்களின் படங்களைப் பாருங்கள். பாதி காந்தி சிலை. மீதி, கருங்கல் பாறை மேல் கூலிங்கிளாஸ் போஸ். தப்பில்லை, எடுங்க. ஆனால் காந்தி சிலை அடுத்த வருஷமும் அங்கேயே நிற்கும். கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிற திண்ணை வீடு நிற்குமா என்பதுதான் சந்தேகம். வருஷா வருஷம் ஒன்றிரண்டு இடிபட்டு அந்த இடத்தில் கான்கிரீட் எழும்புகிறது. கடற்கரையில் கம்பீரமாக நின்ற மேரி கட்டிடமே 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அது அரசாங்கக் கட்டிடம், வழி பிறந்தது. தெருக்கோடி வீட்டுக்கு யார் கட்டித் தருவார்கள்? அதனால் நம்ம 36 படத்தில் இருபதையாவது வீடுகளுக்கு ஒதுக்குவோம். (மொபைலில் கணக்கே கிடையாது, தெரியும். நாமாக 36 என்று வைத்துக்கொண்டால்தான் யோசித்து எடுப்போம்.)

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயில் ஏறினால் சுமார் 38 கிலோமீட்டர்தான். ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போயிடலாம். சனிக்கிழமை காலை இறங்கினால் ஒரே ஒரு ராத்திரி வாடகை. ஊருக்குள் ஆட்டோவே தேவைப்படாது.

காரணம் தெருக்கள். 1693-ல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட கட்டம் கட்டமான திட்டத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்களும் தொடர்ந்தார்கள். போட்டோ எடுப்பவனுக்கு இது பெரிய வசதி. வடக்கு தெற்காகப் போகும் தெருவில், மேற்கு வரிசை வீடுகள் கிழக்குப் பார்த்தவை. அவற்றுக்குக் காலை வெயில். எதிர் வரிசைக்கு மாலை வெயில். கிழக்கு மேற்காகப் போகும் தெருவில் தெற்குப் பார்த்த வீடுகளுக்கு, மார்கழி, தை மாதங்களில் ஏறக்குறைய நாள் முழுக்க வெளிச்சம். வைசியாள் வீதி அப்படிப்பட்ட தெரு. அதன் வீட்டு முகப்புகளைச் சீர்படுத்திய வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. கீழே திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூணும் தமிழ், மேல்மாடியில் வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவரும் பிரெஞ்சு. ஒரே வீட்டில் இரண்டு ஊர்!

இப்போ பாடம். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் காமிரா மீட்டர் ஏமாந்துவிடும். எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்துக் கணக்குப் போடுவது அதன் சுபாவம். அதனால் சுவர் அழுக்காகத் தெரியும். ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டிக் கொடுங்க. மொபைலில் சுவரைத் தொட்டு, சூரியப் படத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும். திண்ணைக்குள் இருக்கிற கதவு வேலைப்பாடு வேண்டும் என்றால் நிழலுக்கு அளவெடுங்க. வெளியே தெரு வெளுத்துப் போனால் போகட்டும்.

அடுத்தது நிமிர்ந்து எடுப்பது. காமிராவை அண்ணாந்து பிடித்தால் வீடு பின்னால் சாய்கிற மாதிரி வரும். எதிர்ச்சாரிக்குப் போய் முதுகைச் சுவரோடு ஒட்டி, காமிராவை நேராகப் பிடிக்கணும். அப்பவும் கூரை வெட்டுப்பட்டால் இரண்டு படமாக எடுங்க. மொபைலின் அகல லென்ஸை நம்பாதீங்க, ஓரத்துத் தூணை வளைத்துவிடும். சிவில் நண்பர்களுக்கு ஒன்று: வாசற்படி அருகே ஒரு மீட்டர் ஸ்கேலைச் சாத்தி வைத்து எடுத்தால், பின்னால் டிராயிங் ஹாலில் உட்கார்ந்து அந்த முகப்பின் உயரத்தையும் அகலத்தையும் ஓரளவு கணக்கிடலாம். ஸ்கேல் சுவரோடு ஒட்டி இருக்கணும், முன்னால் தள்ளி வைத்தால் அளவு தப்பும்.

திண்ணை என்பது ஒரு வீட்டின் பகுதி, பொது இடமில்லை. "அம்மா, வாசலை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். வேண்டாம் என்றால் அடுத்த வீடு.

சனிக்கிழமையே மகாத்மா காந்தி வீதிப் பக்கம் முடித்துவிடுங்க. ஞாயிறு சந்தைக் கூட்டத்தில் முகப்பே தெரியாது. ஞாயிறு விடியலைக் கடற்கரைச் சாலைக்கு வைத்துக்கொள்ளுங்க. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கட்டிடங்கள் கடலைப் பார்த்து நிற்பதால் முதல் வெயில் நேராக முகப்பில் விழும்.

ஊர் திரும்பும் ரயிலிலேயே ஒவ்வொரு படத்துக்கும் தெருப் பெயர், கதவு எண், எந்தத் திசை பார்த்த வீடு, எடுத்த தேதி எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவிடுங்க. ஹாஸ்டல் போய் எழுதலாம் என்றால் திங்கட்கிழமை ரெக்கார்டு நோட்டு வந்து நிற்கும்.